சங்கம் இல்லாத ஆலையில் தொழிலாளி எந்த வழியாகப் பேசுவது?

2024 அக்டோபர் 7 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையிலிருந்து இரண்டு செய்திகள் வந்தன. நிர்வாகமும் 'தொழிலாளர் குழு'வும் அமைச்சர்கள் முன்னிலையில் ஒப்பந்தம் போட்டுவிட்டன என்றது ஒன்று. மாதம் 5,000 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகை, கூடுதல் ஏசி பஸ் என்று அதில் சில சலுகைகளும் இருந்தன. வேலைநிறுத்தம் தொடர்கிறது என்றது இன்னொன்று. செப்டம்பர் 9-இல் தொடங்கிய அந்தப் போராட்டம் அக்டோபர் 15 வரை, 37 நாள் நீடித்தது.

ஒப்பந்தம் போட்டவர்களும் தொழிலாளர்கள், பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களும் தொழிலாளர்கள். அப்படியானால் யார் பேசியது செல்லும்? சங்கத்தைப் பதிவு செய்யச் சொல்லிப் போராடியவர்களுக்கு, 'உங்களுக்குத்தான் குழு இருக்கிறதே' என்ற பதில் ஏன் போதவில்லை?

இந்தக் கேள்விகள் ஓர் ஆலையோடு நிற்பவை அல்ல. ஒரகடம், ஓசூர், திருப்பூர், சென்னை ஐடி சாலை என்று எங்கும் பெரும்பாலானோர் சங்கம் இல்லாத இடத்தில்தான் வேலை செய்கிறார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்றான தொழில் உறவுகள் தொகுப்பு, 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. மாறுதல் காலத்தில் பழைய விதிகள் பல தொடரும் என்று மத்திய அரசு சொல்லியிருப்பதால், பழையதும் புதியதும் தெரிந்தால்தான் இன்றைய நிலை புரியும்.

## முதலில் மூன்று சொற்கள்

செய்திகளில் 'பேச்சுவார்த்தை' என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு வேலைகளைப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள்.

1. தகவல் தருதல்: நிர்வாகம் ஒரு முடிவை எடுத்துவிட்டுச் சொல்கிறது. தொழிலாளி கேட்டுக்கொள்கிறார். நோட்டீஸ் போர்டு, எச்ஆர் நடத்தும் 'டவுன்ஹால்' கூட்டம், வாட்ஸ்அப் அறிவிப்பு எல்லாம் இந்த வகை.

2. கலந்தாலோசித்தல்: முடிவெடுக்கும் முன் தொழிலாளர் தரப்பைக் கேட்கிறார்கள். கேட்டபடி செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. சட்டம் தரும் பெரும்பாலான குழுக்கள் இங்கேதான் நிற்கின்றன.

3. கூட்டுப் பேரம்: ஊதியம், வேலைப்பளு, போனஸ் போன்றவற்றை இரு தரப்பும் பேசி, எழுதி, கையெழுத்திட்டு, அதற்குக் கட்டுப்படுவது. தமிழ்நாட்டு ஆலைகளில் '18(1) போட்டாச்சா, 12(3) போட்டாச்சா' என்று கேட்பது இதைத்தான். பழைய சட்டத்தின் பிரிவு எண்களே ஒப்பந்தத்தின் பெயராக நிலைத்துவிட்டன. நிர்வாகமும் சங்கமும் தமக்குள் போட்டுக்கொள்வது 18(1). அது கையெழுத்திட்ட தரப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தும். தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னிலையில் போடுவது 12(3); அது அந்த நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளரையும், பிறகு சேர்பவரையும்கூடக் கட்டுப்படுத்தும்.

ஒரு குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டால், அது இந்த மூன்றில் எந்தப் படியில் நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

## சங்கம் இல்லாமலே சட்டம் தரும் இடங்கள்

### பணிக்குழு

'ஒர்க்ஸ் கமிட்டி' என்று ஆலைகளில் சொல்வது இதுதான். 100 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனத்தில் இதை அமைக்கச் சொல்லி அரசு உத்தரவிடலாம். 'உத்தரவிடலாம்' என்ற சொல் முக்கியம். உத்தரவு இல்லாத இடத்தில், 100 பேரைத் தாண்டியதாலேயே நிறுவனத்துக்கு இந்தக் கடமை வந்துவிடாது.

அமைப்பு முறையை 1957-ஆம் ஆண்டின் மத்திய விதிகள் நுணுக்கமாகச் சொல்கின்றன:

1. மொத்த உறுப்பினர் 20-ஐத் தாண்டக் கூடாது. தொழிலாளர் தரப்பு நிர்வாகத் தரப்பைவிடக் குறையக் கூடாது.
2. ஆலையின் பிரிவுகள், வேலை வகைகள் எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கும்படி எண்ணிக்கையை வகுக்க வேண்டும்.
3. வாக்களிக்க 18 வயதும் 6 மாதத் தொடர் பணியும் வேண்டும். போட்டியிட 19 வயதும் ஓராண்டுப் பணியும் வேண்டும்.
4. பதவிக்காலம் 2 ஆண்டு. தலைவரை நிர்வாகம் தன் உறுப்பினர்களிலிருந்து நியமிக்கும். துணைத் தலைவரைத் தொழிலாளர் பிரதிநிதிகள் தேர்ந்தெடுப்பார்கள்.
5. 3 மாதத்துக்கு ஒரு கூட்டமாவது நடக்க வேண்டும். கூட்டம் வழக்கமாக வேலை நேரத்தில்தான். அதில் இருக்கும் பிரதிநிதி டியூட்டியில் இருப்பதாகவே கணக்கு.

ஐந்தாவதைப் பல ஆலைகளில் மறந்துவிடுகிறார்கள். இரவு ஷிப்ட் முடித்துவிட்டுக் காலை 10 மணிக் கூட்டத்துக்குக் காத்திருக்கும் பிரதிநிதி இரண்டாவது கூட்டத்துக்கு வர மாட்டார். மூன்றாவது கூட்டத்தில் 'தொழிலாளர்களுக்கே ஆர்வமில்லை' என்று மினிட்ஸில் பதிவாகும்.

### குறைதீர் குழு

இதற்கு அரசின் தனி உத்தரவு தேவையில்லை. 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் இருந்தாலே கட்டாயம். பழைய சட்டத்தின் 2010 திருத்தத்தில் வந்தபோது உறுப்பினர் உச்சவரம்பு 6. புதிய தொகுப்பில் 10. இரு தரப்புக்கும் சம எண்ணிக்கை. தலைவர் பதவி ஆண்டுக்கு ஒரு முறை நிர்வாகம், தொழிலாளர் என மாறி மாறி வரும். மொத்தத் தொழிலாளரில் பெண்களின் பங்கு எவ்வளவோ, அதற்குக் குறையாமல் குழுவிலும் பெண்கள் இருக்க வேண்டும். இந்தக் குழு தனிப்பட்ட தொழிலாளியின் குறையைக் கேட்பதற்கானது. எல்லோருக்குமான ஊதிய உயர்வைப் பேசும் இடம் இதுவன்று.

### மற்றவை

பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழு 10 பேர் உள்ள இடத்திலேயே வேண்டும் என்கிறது 2013 சட்டம். மூத்த பெண் ஊழியர் தலைமை, வெளியிலிருந்து ஒரு உறுப்பினர், மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் புகார், 90 நாளில் விசாரணை. இதை அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் உறுப்பினர் அனைவரையும் முதலாளியே நியமிக்கிறார். யாரும் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. இது விசாரணை மன்றம். பிரதிநிதித்துவ அமைப்பாக எண்ணிவிடக் கூடாது.

பாதுகாப்புக் குழு, கேண்டீன் குழு ஆகியவையும் உண்டு. அதிகம் பேசப்படாத இன்னொரு இடம் நிலையாணை. ஷிப்ட், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் எப்படி நடக்கும் என்று எழுதிவைக்கும் ஆவணம் அது. 1946 நிலையாணைச் சட்டத்தின் மத்திய விதிகளின்படி, சங்கம் இல்லாத ஆலையில் நிலையாணையின் வரைவைச் சான்றளிக்கும் முன், அதிகாரி தொழிலாளர் கூட்டத்தைக் கூட்டி 3 பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கச் செய்து, அவர்களிடம் வரைவைத் தர வேண்டும். பிறகு 20 ஆண்டு அந்த ஆலையை ஆளப்போகும் விதிகளுக்கு ஆட்சேபம் சொல்லக் கிடைக்கும் வாய்ப்பு அது. புதிய தொகுப்பு நிலையாணைக்கான வரம்பை 100-லிருந்து 300 தொழிலாளராக உயர்த்திவிட்டதால், நடுத்தர ஆலைகள் பலவற்றில் இந்த வாய்ப்பே இனி எழாது.

## குழு ஒப்புக்கொண்டால் தொழிலாளி ஒப்புக்கொண்டதாகுமா?

ஆகாது. 1960-இல் நார்த் புரூக் சணல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆட்குறைப்போடு வேலைப்பளுவை மாற்றி அமைக்கும் ஒரு திட்டத்துக்குப் பணிக்குழு சம்மதித்திருந்தது. அந்தச் சம்மதம் தொழிலாளரைக் கட்டுப்படுத்தாது, பேரம் பேசுவதில் சங்கத்தின் இடத்தைப் பணிக்குழு பிடிக்க முடியாது, பணி நிலைமைகளில் பெரிய மாற்றம் செய்வது அதன் வேலை இல்லை என்றது நீதிமன்றம். சட்டத்தின் சொற்களும் அப்படித்தான் இருக்கின்றன: நல்லுறவைப் பேணுவது, பொது அக்கறை உள்ளவற்றில் கருத்துச் சொல்வது, வேறுபாடுகளைத் தணிக்க முயல்வது. 'கருத்துச் சொல்வது' என்பதைத் தாண்டி அதிகாரம் எதுவும் தரப்படவில்லை.

அதே காலகட்டத்தில் அரசு, முதலாளி, தொழிலாளர் என முத்தரப்பு மட்டத்தில் வகுக்கப்பட்ட வழிகாட்டிப் பட்டியல் ஒன்று இன்றும் நடைமுறையில் கைகொடுக்கிறது. காற்றோட்டம், வெளிச்சம், குடிநீர், கேண்டீன், ஓய்வறை, மருத்துவ வசதி, விபத்துத் தடுப்பு, பண்டிகை விடுமுறையை மாற்றி அமைப்பது, நலநிதி நிர்வாகம் ஆகியவை பணிக்குழுவுக்கு உரியவை. ஊதியம், படிகள், போனஸ், வேலைப்பளு, ஆட்குறைப்பு, பிஎஃப், கிராஜுவிட்டி, விடுப்பு நாட்களின் எண்ணிக்கை, ஊக்கத்தொகைத் திட்டம் ஆகியவை அதற்கு அப்பால்.

இதை சாம்சங் செய்தியோடு வைத்துப் பார்த்தால் குழப்பம் தீரும். எந்தப் பெயரில் அமைந்த குழுவாக இருந்தாலும், அதைத் தங்கள் பிரதிநிதியாக ஏற்காத தொழிலாளரை அதன் கையெழுத்து கட்டுப்படுத்தாது. குழுவோடு போட்ட ஒப்பந்தத்தால் போராட்டம் முடியாததற்குப் பிடிவாதத்தைக் காரணம் சொல்வது தவறு. வெளியே இருந்தவர்கள் கேட்டது தாங்களே தேர்ந்த அமைப்பின் மூலம் ஊதியம் பேசும் உரிமை. குழுவால் தர முடியாத பொருள் அது. சென்னை உயர் நீதிமன்றம் வரை போன பிறகு, 2025 ஜனவரி 27-இல் அந்தச் சங்கம் பதிவானது.

சங்கம் இல்லாத இடத்தில் ஊதியக் குறைப்பு, ஷிப்ட் நேர மாற்றம் போன்றவை வந்தால் என்ன பிடி இருக்கிறது? 'மாற்ற அறிவிப்பு' என்ற ஒரு விதி. ஊதியம், வேலை நேரம், விடுப்பு, ஆள் எண்ணிக்கையைப் பாதிக்கும் சீரமைப்பு போன்ற அட்டவணையில் உள்ளவற்றை மாற்றும் முன், பாதிக்கப்படும் தொழிலாளருக்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். பழைய சட்டத்தில் இது 9ஏ நோட்டீஸ்; புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. சங்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும். 'கமிட்டியில் சொல்லிவிட்டோம்' என்பது அந்த அறிவிப்புக்கு ஈடாகாது. அந்த 21 நாளுக்குள் கணிசமானோர் கையெழுத்திட்டு ஆட்சேபத்தைத் தொழிலாளர் துறைக்கு அனுப்பினால், சங்கம் இல்லாமலே அது தொழில் தகராறாக எழும்ப முடியும். ஒருவரது பிரச்சினையைக் குறிப்பிடத்தக்க எண்ணிக்கையிலான சக தொழிலாளர் தமதாக்கிக்கொண்டால் போதும் என்பது பழைய தீர்ப்புகள் வகுத்த நிலை.

## குறைதீர் குழுவில் ஒரு மனு எப்படி நகரும்

ஓவர்டைம் கணக்கில் குறைவு என்று ஒருவர் முறையிடுவதாக வைத்துக்கொள்வோம்.

1. குறை எழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு தர வேண்டும். தேதி, ஷிப்ட், பஞ்ச் நேரம், ஊதியச் சீட்டில் காட்டிய மணி, உண்மையில் வேலை செய்த மணி ஆகியவை இருந்தால் போதும். 'பல மாதமாகச் சரியாகத் தருவதில்லை' என்று மட்டும் எழுதிய மனுவை 'விவரம் இல்லை' என்று முடித்துவைப்பது சுலபம்.

2. நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்க வேண்டும். காலக்கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். செயலியில் பதிவு செய்தால் டிக்கெட் எண்ணைப் படம் எடுத்து வைக்க வேண்டும்; வேலையை விட்டு நிறுத்தினால் முதலில் போவது லாகின்தான்.

3. குழு 30 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும்.

4. முடிவு பெரும்பான்மையில். அதோடு, தொழிலாளர் பிரதிநிதிகளில் பாதிக்கு மேல் சம்மதித்திருக்கவும் வேண்டும். 10 பேர் குழுவில் நிர்வாகத்தின் 5 வாக்கும் ஒரு தொழிலாளர் பிரதிநிதியின் வாக்கும் சேர்ந்தால் 6, எண்ணிக்கையில் பெரும்பான்மைதான். ஆனாலும் 5 தொழிலாளர் பிரதிநிதிகளில் குறைந்தது 3 பேரின் சம்மதம் இல்லாததால் அது முடிவே ஆகாது.

நல்ல காப்பு இது. தொழிலாளர் தரப்பின் 5 பேரும் உண்மையில் தொழிலாளரால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருந்தால் மட்டுமே அது காப்பு. சூப்பர்வைசர் கைகாட்டிய 5 பேர் என்றால் அதே விதி முத்திரை குத்தும் கருவியாகிவிடும்.

5. முடிவில் திருப்தி இல்லையென்றாலோ, 30 நாளில் முடிவே வரவில்லையென்றாலோ, 60 நாளுக்குள் சமரச அதிகாரியிடம் போகலாம். எப்படி? 'தான் உறுப்பினராக உள்ள தொழிற்சங்கத்தின் மூலம்' என்கிறது தொகுப்பு.

இந்த ஐந்தாவது படியில் சற்று நிற்க வேண்டும். சங்கம் இல்லாத இடத்துக்கும் சேர்த்து அமைத்த வழி, அடுத்த வாசலில் சங்க உறுப்பினர் அட்டையைக் கேட்கிறது. உள்ளே தோற்றவருக்கு வெளியே போக வழி இல்லை என்றால், உள்ளே இருக்கும் நிர்வாகத் தரப்புக்கு இறங்கிவர என்ன காரணம் இருக்கும்? இந்தச் சட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை இதுதான் என்பது இந்தக் கட்டுரையின் உறுதியான கருத்து. வேலைநீக்கத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. பணிநீக்கம் செய்யப்பட்டவர் தனியாகவே சமரச அதிகாரியிடம் போகலாம். 45 நாளில் தீரவில்லையென்றால் நேராகத் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மொத்தத்தில் 2 ஆண்டுக்குள் போய்விட வேண்டும். வேலையில் இருந்துகொண்டே ஓவர்டைம் கேட்பவருக்குத்தான் வாசல் குறுகல்.

அத்தகையவருக்கு மிஞ்சுவது, ஆலைக்குள் சங்கம் இல்லாவிட்டாலும் அந்தத் தொழிலில் இயங்கும் பொதுச் சங்கம் ஒன்றில் தனியாக உறுப்பினராவது. திருப்பூர் பனியன் தொழிலிலும் கட்டுமானத்திலும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஊதியப் பாக்கிக்கு ஊதியச் சட்டத்தின் கீழ் தனியாக மனு செய்யும் வழியும் இருக்கிறது.

## பிரதிநிதிக்குக் கவசம் உண்டா?

தகராறு நிலுவையில் இருக்கும்போது பழிவாங்கலிலிருந்து காப்பதற்கென்று 'பாதுகாக்கப்பட்ட தொழிலாளி' என்ற அந்தஸ்தைச் சட்டம் வைத்திருக்கிறது. அவரை அதிகாரியின் முன்அனுமதி இல்லாமல் நீக்க முடியாது. மொத்தத் தொழிலாளரில் 1 விழுக்காடு. குறைந்தது 5 பேர், அதிகபட்சம் 100 பேர். ஆனால் அந்த அந்தஸ்து பதிவு பெற்ற சங்கத்தின் நிர்வாகிகளுக்கு மட்டும். பணிக்குழு உறுப்பினருக்கோ, குறைதீர் குழு உறுப்பினருக்கோ அந்தப் பதவியாலேயே அது கிடைக்காது.

விளைவு எளிதில் ஊகிக்கக்கூடியது. குழுவில் உரக்கப் பேசுபவர் அடுத்த மாதம் வேறு லைனுக்கு மாற்றப்படுகிறார்; அல்லது டீம் லீடர் ஆக்கப்படுகிறார். இரண்டாவது வழியில் யாருக்கும் கோபம் வருவதில்லை என்பதால் அதுவே அதிகம் வேலை செய்கிறது.

ஒரு சிறு பிடி மட்டும் இருக்கிறது. நியாயமற்ற தொழிலாளர் நடைமுறைகளின் பட்டியலில் முதல் இனம், சங்கம் அமைக்கும் உரிமையைத் தடுப்பதோடு நிற்கவில்லை. பரஸ்பர உதவிக்கும் பாதுகாப்புக்குமாகத் தொழிலாளர் ஒன்றுசேர்ந்து செயல்படுவதில் தலையிடுவதையும் சேர்த்தே தடுக்கிறது. சங்கம் இல்லாத 30 பேர் சேர்ந்து கையெழுத்திட்ட மனுவுக்கும் இந்தச் சொற்கள் நிழல் தரக்கூடியவை. அதனால்தான் ஒருவர் பெயரில் எழுதுவதைவிடப் பலர் கையெழுத்தில் எழுதுவது மேல்.

## தலைக்கணக்கில் காணாமல் போகிறவர்கள்

20, 100, 300 என்ற எண்கள் எல்லாம் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருபவரைத்தான் எண்ணும். வெளியே நிற்பவர் யார்?

1. அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் சேர்ந்தவர்கள். சட்டப்படி அவர்கள் பயிற்சியாளர்கள். நிரந்தரத் தொழிலாளிக்குப் பக்கத்து இடத்தில் அதே ஸ்க்ரூவை முடுக்கினாலும் இந்தக் கணக்கில் இல்லை.
2. மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்கள். பழைய வரம்பு 10,000. பட்டம் 'சூப்பர்வைசர்' என்றிருப்பது போதாது, செய்யும் வேலை மேற்பார்வையாக இருக்க வேண்டும் என்பதை நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.
3. கான்ட்ராக்ட் தொழிலாளர். இவர்களும் தொழிலாளிதான், ஆனால் ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில் இருக்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் 4 ஒப்பந்தக்காரர் ஆளுக்கு 18 பேர் வைத்திருந்தால், 72 பேர் இருந்தும் எந்த ஒப்பந்தக்காரரும் 20-ஐத் தொடவில்லை.

ஐடி நிறுவனங்களில் குழப்பம் வேறு விதம். 'நாங்கள் தொழிலாளி இல்லை, எக்சிக்யூட்டிவ்' என்ற எண்ணம் ஊழியர்களிடமே ஊறியிருக்கிறது. ஐடி துறைக்கும் தொழில் தகராறு சட்டம் பொருந்தும், அங்கும் சங்கம் அமைக்கலாம் என்று 2016-இல் தமிழக அரசே தெளிவுபடுத்தியது. மென்பொருள் நிரல் எழுதுபவர், டெஸ்டிங் செய்பவர் போன்றவரின் வேலை தொழில்நுட்ப வேலை. ஆட்களை ஆளும் வேலை அன்று. ஆகவே குறைதீர் குழு அங்கேயும் கேட்கத்தக்கதே. கர்நாடகம் ஐடி துறைக்கு நிலையாணைச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தபோதுகூட, இரு தரப்பும் சமமாக உள்ள குறைதீர் குழுவை நிபந்தனையாக வைத்தது.

## வழி அடைபட்ட இடங்களில் நடந்தது

2020 டிசம்பர் 12, கர்நாடகத்தின் கோலார் மாவட்டம் நரசாபுரா. ஐபோன் தயாரித்த விஸ்ட்ரான் ஆலையில் ஊதியக் குறைவு, ஓவர்டைம் பாக்கி பற்றிப் புகைந்துகொண்டிருந்த கோபம் ஒரு காலையில் கண்ணாடிகளையும் வாகனங்களையும் நொறுக்கியது. வேலை நேரமும் வருகைப்பதிவும் மாறியிருந்த இடம் அது. பெரும்பாலானோர் ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர்கள். யாரிடம் கேட்பது என்பதே தெளிவில்லை.

2021 டிசம்பர், ஶ்ரீபெரும்புதூர். ஆப்பிளுக்கு ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சேர்க்கப்பட்ட தோழிகளின் நிலை என்னவென்று அறைத்தோழிகளுக்குச் சொல்ல ஆளில்லை. இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. நள்ளிரவில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். அரசு அதிகாரிகளும் ஆப்பிள் நிறுவனமும் அதன் பிறகுதான் விடுதிகளுக்குள் போய்ப் பார்த்தார்கள். ஆலை 2022 ஜனவரி 12 வரை மூடியிருந்தது.

இரண்டிலும் கவனிக்க வேண்டியது, பிரச்சினைகள் மிகச் சாதாரணமானவை: சம்பளக் கணக்கு, சோறு, தங்கும் அறை. மேலே சொன்ன குழுக்கள் போன்ற ஓர் இடத்தில் பேசித் தீர்த்திருக்கக்கூடிய விஷயங்களே அவை. விடுதி ஒப்பந்தக்காரரிடமும், சம்பளம் இன்னொரு ஒப்பந்தக்காரரிடமும், வேலை ஆலையிடமும் என்று பிரிந்துகிடந்ததால் எந்தக் குழுவின் மேஜைக்கும் அவை போய்ச் சேரவில்லை.

இனி இப்படித் திடீரென்று உட்காருவதற்கு ஆபத்து கூடியிருக்கிறது. புதிய தொகுப்பின்படி எல்லாத் தொழில் நிறுவனங்களிலும் வேலைநிறுத்தத்துக்கு முன்னறிவிப்பு வேண்டும். நோட்டீஸ் கொடுத்து 14 நாள் பொறுக்க வேண்டும். சமரசம் நடக்கும்போது கூடாது. பாதிப்பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் லீவு போட்டாலும் வேலைநிறுத்தமே. மீறினால் 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நோட்டீஸ் எழுதத் தெரிந்த, நாள் எண்ணத் தெரிந்த அமைப்பு இல்லாதவர்கள்தான் இதில் முதலில் மாட்டுவார்கள்.

## வேறு நாடுகள் எங்கே கோடு போட்டன

ஜெர்மனியில் 5 நிரந்தர ஊழியர் உள்ள இடத்திலேயே பணி மன்றம் தேர்ந்தெடுக்கலாம். சங்கம் இருக்க வேண்டியதில்லை. 4 ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல், செலவு முதலாளியுடையது. ஓவர்டைமுக்கும் ஷிப்ட் அட்டவணைக்கும் மன்றத்தின் சம்மதம் வேண்டும். மன்றத்தைக் கேட்காமல் செய்த பணிநீக்கம் செல்லாது. 200 ஊழியரைத் தொட்டால் ஒரு பிரதிநிதி முழுநேரமும் மன்ற வேலைக்கே விடுவிக்கப்படுவார். பதவி முடிந்து ஓராண்டு வரை அவரைச் சாதாரணமாக நீக்க முடியாது. அங்கேயும் ஊதியப் பேரம் சங்கத்துக்கே உரியது. நம் பணிக்குழுவும் இதுவும் தூரத்தில் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். 'சம்மதம் இல்லாமல் நடக்காது' என்ற ஒரு வரி மட்டும் நம்மிடம் இல்லை.

அமெரிக்கா எதிர்த்திசையில் போனது. முதலாளி தானே அமைத்து ஆட்டிவைக்கும் ஊழியர் குழுவை 1935 சட்டம் தடை செய்தது. அதே சட்டம் சங்கம் இல்லாதவர்களின் கூட்டுச் செயலையும் காக்கிறது: குளிர் தாங்காமல் சங்கமில்லாத ஒரு பட்டறையிலிருந்து சேர்ந்து வெளியேறிய 7 தொழிலாளரை நீக்கியது தவறு என்று 1962-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

இலங்கையில் கட்டுநாயக்க உள்ளிட்ட சுதந்திர வர்த்தக வலயங்களில் முதலீட்டுச் சபை 'ஊழியர் சபை'களை ஊக்குவித்தது. சங்கத்துக்கு மாற்றாக அவற்றை வைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு நெடுநாள் இருந்தது. அந்நாட்டுத் தொழில் தகராறு சட்டத்தின் 1999 திருத்தம், 40 விழுக்காட்டினரை உறுப்பினராகக் கொண்ட சங்கத்தோடு பேச மறுப்பதை நியாயமற்ற நடைமுறையாக்கியது.

## குழு பெயரளவில் நின்றுபோகாமலிருக்க

தேர்தலிலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது. 3 ஷிப்ட் ஆலையில் பகல் ஷிப்டில் மட்டும் பெட்டி வைத்தால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு போய்விடும். பெட்டி 24 மணி நேரம் சுற்ற வேண்டும். எண்ணும்போது ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவர் நிற்க வேண்டும். ஒடியா, இந்தி பேசுபவர் கணிசமாக இருந்தால் அவர்களுக்கும் தொகுதி ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் குறை ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி வாய் வழியாகத்தான் வரும். கைதூக்கித் தேர்ந்தெடுப்பதற்குச் சூப்பர்வைசர் எதிரில் நிற்கும்போது எந்த மதிப்பும் இல்லை.

அடுத்தது அஜெண்டா. எச்ஆர் மட்டும் தயாரித்தால் இட்லி, பஸ், விளையாட்டு விழா என்று சுருங்கிவிடும். கூட்டத்துக்கு 7 நாள் முன்பு தொழிலாளர் தரப்பு தன் இனங்களை எழுத்தில் தர வேண்டும். பிரதிநிதிகள் மட்டும் தனியே அரை மணி நேரம் கூடிப் பேச வேலை நேரத்தில் இடம் கேட்க வேண்டும். 3 மாதத்துக்கு ஒன்று என்பது விதியின் குறைந்தபட்சம். குடிநீர்ப் பிரச்சினை 3 மாதம் காத்திருக்காது. மாதம் ஒன்றாவது வேண்டும்.

மினிட்ஸில் நான்கு பத்தி போதும்: என்ன கேட்டோம், யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், என்ன ஆயிற்று. 'பரிசீலிக்கப்படும்' என்ற சொல்லைத் தேதி இல்லாமல் எழுத விடக் கூடாது. கையெழுத்தான நகல் ஒன்று தொழிலாளர் தரப்பிடம் இருக்க வேண்டும்; தமிழிலும், தேவையானால் இந்தியிலும் போர்டில் ஒட்ட வேண்டும். பின்னால் சமரச அதிகாரி முன் நிற்கும் நாள் வந்தால், 'இதே குறையை 5 முறை எழுப்பினோம்' என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

ஆலோசனைப் பெட்டி, 'எப்போது வேண்டுமானாலும் என் அறைக்கு வரலாம்' என்ற மேலாளர், ஊழியர் எண்ணைப் போட்டு நிரப்பச் சொல்லும் 'பெயரில்லா' சர்வே ஆகியவற்றை இவற்றுக்கு ஈடாக ஏற்கக் கூடாது. அவை தனி ஆளைத் தனியாகவே நிறுத்துகின்றன. பதில் சொல்ல வேண்டிய கடமையோ, கெடுவோ யாருக்கும் இல்லை.

குழு வழி போதவில்லை என்று ஓர் ஆலையின் தொழிலாளர் முடிவு செய்தால், பதிவுக்கு விண்ணப்பிக்க 7 பேர் வேண்டும். பதிவு செய்யும்போது மொத்தத் தொழிலாளரில் 10 விழுக்காடு அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அவ்வளவு பேர் உறுப்பினராக இருக்க வேண்டும்; எப்படியும் 7-க்குக் குறையக் கூடாது. ஒரு நிறுவனத்தில் பல சங்கம் இருந்தால், பதிவேட்டில் உள்ள தொழிலாளரில் 51 விழுக்காட்டினரின் ஆதரவு உள்ள சங்கமே தனிப் பேரச் சங்கம். யாருக்கும் அது இல்லையென்றால் 20 விழுக்காட்டுக்குக் குறையாத ஆதரவு உள்ள சங்கங்கள் சேர்ந்து பேரக் குழுவாக அமரும். பதிவு கிடைத்த பிறகும் பணிக்குழுவும் குறைதீர் குழுவும் கலைவதில்லை. பணிக்குழுவுக்கான தேர்தலில் மட்டும் இனி சங்கத்தையும் கலந்தாலோசிக்க வேண்டும்.